மம்மி பிணமன்று, அம்மாவும் அன்று

புதுவையில் தமிழ் பற்றிய கூட்டம் எதுவாயினும் ஒரு பேச்சு தவறுவதில்லை. “பெற்ற தாயை மம்மி என்கின்றாயே, மம்மி என்றால் பொருள் தெரியுமா? எகிபது நாட்டில் துணி சுற்றிப் பெட்டியில் கிடத்திய பிணம்!” என்று பேச்சாளர் முழங்குவார். கூட்டம் கைதட்டும். பேச்சாளர் தண்ணீர் அருந்துவார். மறுநாள் காலையில், கைதட்டியவர் வீட்டுக் குழந்தை, “மம்மி, சாக்சு எங்கே?” என்று கேட்கும். அம்மையாரும் எடுத்துக் கொடுப்பார்.

முப்பது நாற்பது ஆண்டுகளாக எய்யப்படும் இந்த அம்பு ஒரு வீட்டையும் தைக்கவில்லை. கரணியம் எளிது. அம்பு பொய்யம்பு. ஆங்கிலம் ஓரளவு கற்ற எவனும் உள்ளூர நகைத்துவிட்டு, ‘இவர்தம் தமிழ்ப்பற்றும் இத்தகையதே போலும்’ என்று எழுந்து போகின்றான். பகைவன் நகைப்பதற்குத் தமிழன் இடங்கொடுக்கலாமா?

ஆங்கிலத்தில் மம்மி என ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று, பாரசீகத்தில் மெழுகைக் குறித்த ‘மூம்’ என்னும் சொல்லிற் பிறந்து, அரபியில் நிலக்கீலையும் அது பூசிய உடலையும் குறித்த ‘மூமியா’ ஆகி, இடைக்கால இலத்தீன் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. (அவ்வுடல்களைப் பொடியாக இடித்து மருந்தென விற்ற கடைகள் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இருந்தன, நோயாளிகள் காசு கொடுத்து வாங்கி விழுங்கினர். மேலையரின் நாகரிகத்தை வாய்பிளந்து பார்ப்போர் இதனையும் குறித்துக்கொள்ளலாம்.) மற்றொன்று, ஆங்கிலக் குழந்தை தன் தாயை அழைத்த மழலையின் திரிபு, 18ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் காணப்படுவது. இவ்விரண்டிற்கும் ஒலியன்றி வேறு உறவில்லை. ‘மம்’ என்னும் குறுஞ்சொல்லோ இன்னும் வேடிக்கை. அது தாய், வாய் மூடியிருத்தல், செருமானிய நாட்டுப் பிரவுன்சுவிக்கு நகரத்து மதுவகை ஒன்று, வேலையாள் தலைவியை அழைக்கும் ‘மேடம்’ என்பதன் தேய்வு, செவ்வந்தி வகைப் பூவொன்றன் நீண்ட பெயரின் வாலும் அதுவே. ஐந்தும் ஐந்து வழி வந்தவை.

எந்த மொழியிலும் இது இயல்பு. தமிழில் கால் என்பது உறுப்பு, காற்று, நாலில் ஒன்று. மா என்பது மரம், விலங்கு, நில அளவு. பழந்தமிழில் ‘ஆய்’ என்பது தாய்; இன்றைய மழலைப் பேச்சில் அதே ஒலி எதனைக் குறிக்கின்றது என்பதனைக் குழந்தை வளர்த்தோர் அறிவர். நாளை ஓர் ஆங்கிலேயன் மேடையேறி, “தமிழர் தம் தாயை எப்பெயரால் அழைத்தனர் பாரீர்” என்று கைதட்டல் வாங்கினால் பொறுப்போமா? அது இழிந்த பேச்சென்றால் இதுவும் இழிந்த பேச்சே.

இதற்கு நேர்மாறான பிழையொன்றும் தமிழன்பரிடையே உலவுகின்றது. உலகிலுள்ள மம்மா, பப்பா எல்லாம் அம்மா, அப்பா என்பவற்றிலிருந்து கிளைத்தவை என்பது அது. கேட்கச் செவிக்கு இனிது. ஆனால் ஏரணத்தில் நில்லாது. பகரமும் மகரமும் இதழோடு இதழ் பொருந்தப் பிறப்பன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். பல் முளையாக் குழந்தைக்கு முதலில் வாய்ப்பன அவ்விதழொலிகளே. முலையுண்ணும் வாயினின்று மூக்கின் வழியே வெளிப்படக்கூடிய ஒலி மகரமே என்பதனை உருசிய நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியராயிருந்த மொழியறிஞர் உரோமன் யாக்கோபுசன் 1960இல் வெளிவந்த தம் கட்டுரையில் விளக்கினார். குழந்தை பொருளின்றி ஒலிக்கின்றது. பெற்றோர் அவ்வொலியைத் தமக்கென எடுத்துக்கொள்கின்றனர். யார் எதனை எடுத்துக்கொள்வது என்பது நாட்டுக்கு நாடு மாறும். காக்கேசிய மலைநாட்டுச் சியார்சிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை. தாய்க்குப் பெயர் ‘தெதா’. இதற்கு என்ன வேர் காட்டுவது? வேர்ச்சொல் ஆய்வு என்பது ஒலியொத்த இரண்டைக் கண்டவுடன் முடிச்சுப் போடுவதன்று. அச்சொல் எந்த நூற்றாண்டில் எவ்வடிவில் எப்பொருளில் நின்றது என்று படிப்படியாக இறங்கிச் செல்வது. படி இல்லாத இடத்தில் தாவினால் விழுவது தாவியவர் மட்டுமல்லர். தமிழும் உடன் விழும்.

ஒலியொப்புமையை நம்பினால் என்னவாகும் என்பதற்குப் புதுவையைப் போன்ற கல்லூரி வேறில்லை. 1674இல் பிரான்சுவா மார்த்தேன் வந்தது முதல் 1954 நவம்பர் 1 வரை, இடையிடையே ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பறித்துக்கொண்ட ஆண்டுகள் நீங்கலாக, இந்நகர் பிரெஞ்சியர் கையில் இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கு வாழ்கின்றன. பாரிசிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளும் உண்டு. அப்பிள்ளை ‘மமான்’ என்றால் தாய். தமிழ்ப் பிள்ளை ‘மாமன்’ என்றால் அத்தாயின் உடன்பிறந்தான். அப்பிள்ளை ‘பப்பா’ என்றால் தந்தை; இங்கே ‘பாப்பா’ என்றால் தொட்டிலில் கிடப்பது. அப்பிள்ளை ‘தத்தா’ என்றால் அத்தையோ சின்னம்மாவோ. இங்கே ‘தாத்தா’ திண்ணையில் அமர்ந்திருப்பவர். ஆங்கிலவழிப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ‘டாட்டா’ என்றால் போய்வருகின்றேன் என்பது. ஒரே கூடத்தில் இத்தனையும் ஒலித்தால் கூப்பிட்ட குரலுக்கு யார் எழுவது? கடற்கரைச் சாலையில் நிற்கும் ‘மேரி கட்டடம்’ என்பதும் இவ்வகையினதே. அது கன்னி மேரியின் பெயரன்று. நகராட்சி மன்றத்தைக் குறிக்கும் ‘மெரி’ என்னும் பிரெஞ்சுச் சொல். கட்டடம் 2014இல் மழையில் இடிந்து விழுந்து, பின் பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. பெயரின் பிழை மட்டும் இடியாமல் நிற்கின்றது.

ஆகவே மம்மியைப் பிணமென்று சொல்லி விரட்டவும் வேண்டா. தமிழென்று சொல்லி அணைக்கவும் வேண்டா. அதனை மறுப்பதற்கு உரிய கரணியம் ஒன்றே: அம்மா என்னும் சொல் வீட்டில் இருக்கின்றது. இருக்கும்போது கடன் வாங்குபவன் ஏழையல்லன், அறிவிலி. இவ்வளவில் மம்மியையும் டாடியையும் விட்டுவிடலாம். அவை மழலைச்சொற்கள், அவற்றால் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் போகும், அவ்வளவே. பெருங்கேடு வேறிடத்தில் இருக்கின்றது. மேடைகளில் அதனைப் பற்றி யாரும் முழங்கக் காணோம். அதன் பெயர் அங்கிள். அதன் துணை ஆன்ட்டி.

‘அங்கிள்’ எங்கிருந்து வந்தது? இலத்தீனில் பாட்டனுக்கு ‘அவுசு’ என்று பெயர். அதிலிருந்து ‘சிறு பாட்டன்’ என்னும் கருத்தில் ‘அவுங்குலுசு’ பிறந்தது. அது யாரைக் குறித்தது? தாயுடன் பிறந்த மாமனை மட்டும். தந்தையுடன் பிறந்தானுக்குப் ‘பத்ருவுசு’ என்று வேறு சொல் இருந்தது. அதுபோலவே ‘ஆன்ட்டி’யின் மூலமான ‘அமித்தா’ தந்தையுடன் பிறந்த அத்தையை மட்டும் குறித்தது. தாயுடன் பிறந்தாளுக்கு ‘மாத்தெர்த்தெரா’ எனத் தனிச்சொல் இருந்தது. உரோமானியன் தமிழனைப் போலவே முறை பிரித்து வாழ்ந்தான். அவன் மொழி சிதைந்து பிரெஞ்சு ஆனபோது நான்கில் இரண்டு மாண்டன. எஞ்சிய இரண்டு, மாண்டவற்றின் சுமையையும் தாம் சுமந்தன. ‘ஓங்கிள்’ மாமனும் ஆனான், சிற்றப்பனும் ஆனான்.

இனி ஆங்கிலேயன் கதையைக் கேளுங்கள். அவனுக்கும் ஒரு காலத்தில் நான்கு சொற்கள் இருந்தன. பழைய ஆங்கிலத்தில் தாய்மாமன் ‘ஏயம்’, தந்தையுடன் பிறந்தான் ‘ஃபதெரா’, அத்தை ‘ஃபது’, தாயுடன் பிறந்தாள் ‘மோத்ரியே’. 1066இல் நார்மன் படை கடல் கடந்து வந்து அந்நாட்டை வென்றது. ஆண்டவர் பேசியது பிரெஞ்சு. அரண்மனையில், வழக்கு மன்றத்தில், பெருநிலக்கிழார் வீட்டில் பிரெஞ்சு. ஆண்டானைப் போலப் பேசினால் தானும் ஆண்டான் ஆகலாம் என்று அடிமைக்குத் தோன்றுவது உலகியற்கை. ஓரிரு நூற்றாண்டுகளில் ‘அங்கிள், ஆன்ட், கசின்’ மூன்றும் ஆங்கிலேயன் அடுக்களை வரை நுழைந்தன. அவன் பாட்டன் பேசிய நான்கு சொற்களும் வழக்கிழந்தன. செருமானியரும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு மயக்கத்தால் ‘ஓகைம்’, ‘மூமே’ முதலிய தம் சொற்களை நழுவவிட்டு ‘ஓங்கல்’, ‘தாந்தெ’ என்பவற்றைப் பிடித்துக்கொண்டனர். ஆக, அங்கிள் என்பது ஆங்கிலேயன் பெருமையன்று. அவன் அடிமைப்பட்டதன் தழும்பு. பிரெஞ்சியன் ஆங்கிலேயனுக்கு இட்ட சூட்டை, ஆங்கிலேயனிடமிருந்து கேட்டு வாங்கித் தன் குழந்தையின் நாவில் இட்டுக்கொள்கின்றான் தமிழன்! அதுவும் பிரெஞ்சியன் ஆண்டு போன புதுவையில்!

பிரெஞ்சியனும் ஆங்கிலேயனும் இவ்வுறவுச் சொற்களை எவ்வளவு மதித்தனர் என்பதற்கு ஒரு சான்று போதும். ஆங்கிலக் கொச்சைப் பேச்சில் ‘என் அங்கிள்’ என்றால் அடகுக்கடைக்காரன். பிரெஞ்சுக் கொச்சையில் ‘என் அத்தை வீட்டில் இருக்கின்றது’ என்றால் பொருள் அடகில் இருக்கின்றது என்பது. கால்வாய்க்கு இந்தப் புறம் மாமன், அந்தப் புறம் அத்தை; இரண்டிடத்திலும் வட்டி ஒன்றே.

‘கசின்’ இவற்றினும் கொடிது. அதன் மூலமான ‘கொன்சொப்ரினுசு’ அக்காள் தங்கையர் மக்களைக் குறித்த சொல். தமிழ் முறையில் அவர்கள் யார்? அண்ணன், தம்பி, அக்கை, தங்கை. அவர்களிடையே மணம் என்று நினைப்பதும் இல்லை. இன்றைய ஆங்கிலத்திலோ அச்சொல் மாமன் மகளையும் அத்தை மகனையும் கூடக் குறிக்கின்றது. உடன்பிறப்பென்று ஒதுக்க வேண்டியவளும் முறைப்பெண் என்று கேலி பேசத் தக்கவளும் ஒரே பெயரில் வந்து நிற்கின்றனர். (முறைப்பெண்ணை மணப்பது நன்றா தீதா என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது, அவர் வேண்டாவென்றே சொல்கின்றார். யாரை வேண்டா என்கின்றார் என்று அறியவேனும் சொல் வேண்டுமல்லவா?) ஏமாற்றுதல் என்று பொருள்படும் ஒலியொத்த சொல்லொன்றும் ஆங்கிலத்தில் உண்டு. சேக்சுபியர் தம் மூன்றாம் இரிச்சர்டு நாடகத்தில் அவ்விரண்டையும் வைத்து இரட்டுற மொழிந்தார். அந்நாடகத்தில் அரசிளஞ் சிறுவரைக் கொல்விக்கும் ‘அங்கிள்’ யார்? ஆங்கிலம் சொல்லாது. குடிவழிப் பட்டியலை எடுத்துப் பார்த்து, அவன் நான்காம் எட்வர்டின் தம்பி என்று கண்டபின்தான் மொழிபெயர்ப்பாளன் ‘சிற்றப்பன்’ என்று எழுத முடியும். தமிழில் அந்நாடகம் பிறந்திருந்தால் முதல் விளியிலேயே அவையோர் அறிந்திருப்பர்.

தமிழின் வளம் இன்று எஞ்சியிருப்பதைக் காட்டிலும் பெரிதாக இருந்தது. எந்தை என்றால் என் தந்தை. நுந்தை என்றால் உன் தந்தை. தந்தை என்றால் அவன் தந்தை. யாய், ஞாய், தாய் என்பனவும் அவ்வாறே. எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. யாருக்கு யார் என்பது சொல்லுக்குள்ளேயே அடங்கியிருந்தது. முறைப்பெயர் என்று தனிப் பெயர்வகையே தொல்காப்பியத்தில் உண்டு. குற்றியலுகரம் சொல்லின் முதலில் வருவதற்கு அந்நூல் ஒப்பும் ஒரே இடமும் நுந்தை என்னும் முறைப்பெயரே. எழுத்திலக்கணம் வகுக்கப் புகுந்தவரும் தந்தை பெயருக்கென ஒரு விதி ஒதுக்கிய மொழி இது. அம்மொழியைப் பேசும் பிள்ளை இன்று பக்கத்து வீட்டுக்காரரையும் பால் கொண்டு வருபவரையும் தாயுடன் பிறந்தவரையும் ஒரே பெயரால் அழைக்கின்றது.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பார் உளர். காதணி விழாவில் குழந்தையை யார் மடியில் இருத்துவது? தாய்மாமன் மடியில். மணவறையில் மூன்றாம் முடிச்சை இடுபவள் யார்? மணமகனுடன் பிறந்த நாத்தூண். இறந்தார் வீட்டில் யார் எதனைச் செய்வது என்பதும் முறையைப் பற்றியே நிற்கின்றது. கடமையும் உரிமையும் முறைப்பெயரோடு பிறந்து முறைப்பெயரோடு வளர்ந்தவை. அங்கிளுக்கு என்ன கடமை? வரும்போது இன்னட்டு ஒன்று வாங்கி வருவது. ஆன்ட்டிக்கு? அதனை வாங்காதே என்பது. இதற்கு மேல் அச்சொற்களில் ஒன்றுமில்லை. ‘ஆன்ட்டி’ என்று தமிழெழுத்தில் எழுதினால் எதிர்ப்பைக் குறிக்கும் கிரேக்க முன்னொட்டும் அதே வடிவில்தான் வரும். வல்லொலி சிறிது தளர்ந்தால் ‘ஆண்டி’யாகி, அத்தையின் கையில் திருவோட்டைக் கொடுத்துவிடும்! இது விளையாட்டுக்குச் சொன்னது. மம்மிப் பிணம்போல் மேடைக்கு எடுத்துச் செல்ல வேண்டா.

அங்கிளுக்காக வழக்காடுவோர் இருவகையர். வெளியாரை முறை தெரியாமல் எப்படி அழைப்பது என்பவர் ஒருவகை. ஐயா, அம்மா, அண்ணா, அக்கா, பெரியவர் என்று அகவைக்கும் மதிப்பிற்கும் ஏற்ப ஐந்து சொல் இருக்க, ஆறாவதாக ஒன்றைக் கடன் கேட்பவருக்கு விடை வேண்டுவதில்லை. மற்றொரு வகையர் சொல்வது சிறிது எண்ணத் தக்கது. தமிழ் முறைப்பெயர்கள் குலத்துக்குக் குலம் வேறுபடுகின்றன; பிள்ளை தன் உறவினரை அழைக்கும் சொல்லைக் கேட்டதும் அதன் குலத்தைக் கண்டுபிடித்துவிடுகின்றார்கள்; அங்கிள் என்றால் அந்தத் தொல்லை இல்லை என்பது அவர் கூற்று. தொல்லை மெய்யே. குலம் பார்க்கும் கயவன் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கின்றான் என்பதும் மெய்யே. ஆயினும் மாமன், அத்தை, பெரியப்பன், சிற்றப்பன், சின்னம்மை என்பன எக்குலத்தார்க்கும் பொதுவில் விளங்கும் சொற்கள். அவற்றைச் சொல்வதால் எவன் குலமும் வெளிப்படுவதில்லை. குலம் கேட்பவனுக்கு அஞ்சித் தாய்மாமன் பெயரை மறைப்பதினும், கேட்பவன் முகத்தை நேராகப் பார்ப்பது எளிது.

இனிச் சொல்ல வேண்டியது ஆயாவைப் பற்றி. புதுவையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஆயா என்றால் பாட்டி. பழந்தமிழ் ‘ஆய்’ என்பதன் வழியில் நிற்கும் அச்சொல் இப்பக்கத்துச் சிற்றூர்களில் இன்றும் உயிரோடிருக்கின்றது. ஆனால் இதே ஒலியில் வேறொரு சொல் கப்பலேறி வந்தது. போர்த்துக்கீசியர், செல்வர் வீட்டுக் குழந்தைகளைப் பேணும் செவிலியை ‘ஐயா’ எனவும் ‘ஆயா’ எனவும் செவிக்குத் தோன்றும் ஒரு சொல்லால் அழைத்தனர். சாவியும் சன்னலும் மேசையும் அலமாரியும் வந்த அதே வழியில் அதுவும் வந்தது. வெள்ளைக்காரத் துரைமார் அதனை எடுத்துக்கொண்டு, தம் பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்த தமிழ்ப் பெண்டிரை எல்லாம் ஆயா என்றனர். துரைமார் போயினர், சொல் பள்ளிக்கூடத்தில் தங்கிற்று. மழலையர் பள்ளியில் குழந்தையின் மூக்கைத் துடைத்து, கழிப்பறைக்கு அழைத்துச் சென்று, வகுப்பறையைப் பெருக்கும் அம்மையாருக்கு இன்று அதுவே பதவிப்பெயர்.

இவை இரு சொற்கள் என்று யாரும் பிள்ளைக்குச் சொல்லவில்லை. பள்ளியில் ‘மிசு’ நாற்காலியில் இருக்கின்றார். ஆயா துடைப்பத்தோடு நிற்கின்றார். வேலையைத் தாழ்வென்று கருதும் சிறுமை பெரியவரிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றியபின், அது வீட்டிற்கு வந்து, தன் தாயைப் பெற்றவளை அப்பெயரால் அழைக்க நாணுகின்றது. தாயும், “ஆயா என்னாதே, கிராண்ட்மா என்று சொல்” என்று திருத்துகின்றாள். வில்லியனூரிலும் பாகூரிலும் வயலில் நின்று பிள்ளை வளர்த்து, நகைவிற்றுப் பட்டணத்தில் படிக்க வைத்த கிழவி, தனக்குரிய பெயரைத் தன் பேரப்பிள்ளையின் வாயிலிருந்து கேளாமலே கண்ணை மூடுகின்றாள். வேடிக்கை என்னவெனில், போர்த்துக்கீசியச் சொல்லின் வேரைத் தோண்டினால் அடியில் கிடப்பது ‘அவியா’ என்னும் இலத்தீன். அவுங்குலுசைப் பெற்றெடுத்த ‘அவுசு’ என்பதன் பெண்பால் அது. பொருள்: பாட்டி.

இரண்டு ஆயாவும் முடிவில் பாட்டியே என்பதனால் இரண்டும் ஒரே சொல் என்று எவரும் தாவ வேண்டா. அது முன்னரே மறுத்த பிழை. செய்யத் தக்கது சிறு செயல். பள்ளி நடத்துவோர் அப்பணிக்குப் ‘பள்ளி உதவியாளர்’ என்றோ ‘குழந்தைப் பேணுநர்’ என்றோ பதவிப்பெயர் எழுதி, அவ்வம்மையாரைப் பிள்ளைகள் ‘அம்மா’ என்றோ ‘அக்கா’ என்றோ அழைக்கப் பழக்கட்டும். சேர்க்கைப் படிவத்தில் காப்பாளர் உறவு என்னும் இடத்தில் ‘அங்கிள்’ என்று நிரப்பி வருவோரிடம், எந்த உறவு என்று ஒருமுறை கேட்டு, தாய்மாமன், சிற்றப்பன், பெரியப்பன், அத்தையின் கணவர் என்று உரியதை எழுதி வாங்கட்டும். எழுதுவதற்கு முன் அப்பெற்றோர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். பிள்ளையும் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.